கோரிக்கைத் தாளோடு கூடவே நடந்தேன்: அலுவலக நடைமுறைகளைச் சீர்செய்த அனுபவங்கள்

கொள்முதல் பிரிவிலிருந்து:

எங்கள் நிறுவனத்தில் ஒரு பொருள் வேண்டும் என்று கோரிக்கை எழுதினால், அது ஆர்டராகி வெளியே போக சராசரியாக மூன்று வாரம் ஆகும். எல்லாருக்கும் எங்கள் பிரிவு மேல்தான் கோபம். "உங்க ஆட்கள் என்னதான் பண்றாங்க?" என்று யாராவது போனில் கேட்காத நாள் கிடையாது. புது மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதற்கு முன்னால், இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

கையேட்டைப் பார்த்து எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் கையேட்டில் ஆறே படிகள்தான் இருந்தன. ஆறு படி ஏற மூன்று வாரமா? அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் உற்பத்திப் பிரிவிலிருந்து பேரிங் கேட்டு வந்த ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாள் போகும் மேசைக்கெல்லாம் நானும் போனேன். எப்போது வந்தது, எப்போது கையில் எடுத்தார்கள், எப்போது அடுத்தவரிடம் போனது என்று மூன்றையும் குறித்தேன்.

இப்படிக் குறிப்பதற்கு நல்ல பழைய முறை ஒன்று இருக்கிறது. 1921-இல் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்த செயல்முறை வரைபடம்தான் அது. பின்னாளில் அதற்கு ஐந்து குறிகள் நிலைத்தன. வேலை நடந்தால் வட்டம், இடம் மாறினால் அம்பு, சரிபார்த்தால் சதுரம், சேமித்து வைத்தால் தலைகீழ் முக்கோணம், சும்மா காத்திருந்தால் ஆங்கில 'டி' (D) எழுத்து.

பத்தொன்பதாம் நாள் ஆர்டர் வெளியே போனது. அன்று சாயங்காலம் என் தாளை விரித்துப் பார்த்தால், பக்கம் முழுக்க 'டி'. வட்டத்தையும் சதுரத்தையும் கூட்டினால் 55 நிமிடம்தான் வருகிறது. அவ்வளவு நாளும் அந்தத் தாள் ஏதோ ஒரு தட்டில் படுத்துக் கிடந்திருக்கிறது. ஒரே தட்டில் ஆறு நாள். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார், அவருக்குப் பதில் யார் போடலாம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாரும் சோம்பேறியாக இருக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்ததை உடனே முடித்தார்கள். மேசைக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த இடம்தான் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

இதில் நான் செய்ய இருந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது மேசையில் ஒரு மூத்த மேடம், வரும் கோரிக்கையையெல்லாம் நீளமான ஒரு பதிவேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். அதே விவரம் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. "இது எதுக்கு மேடம்?" என்று கேட்டேன். "எனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லிக் கொடுத்தாங்க. எழுதிட்டு வர்றேன்" என்றார். தேவையில்லாத வேலை, நிறுத்திவிடலாம் என்று என் தாளில் குறித்தே விட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி, பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைசிப் பத்தியில் சிவப்பு மையில் பொடி எழுத்து. எந்த சப்ளையர் எண்ணிக்கை குறைத்து அனுப்பினார், யார் சொன்ன தேதிக்கு எத்தனை நாள் தாமதம் செய்தார், எந்தப் பெட்டி ஈரமாக வந்தது என்று ஒவ்வொரு வரிசைக்கும் நேரே எழுதியிருந்தார். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தத் தகவல் நிறுவனத்தில் வேறெங்கும் கிடையாது. பதிவேட்டை நிறுத்தினோம், ஆனால் அந்தச் சிவப்புப் பத்தியைக் கணினிக்குள் கொண்டுவந்த பிறகுதான்.

கையெழுத்துக்கு மாற்று ஆள் நியமித்தோம். சிறிய கோரிக்கைகளுக்கு இரண்டு ஒப்புதல்களை நீக்கினோம். இப்போது ஐந்து நாளில் ஆர்டர் போகிறது. மென்பொருள் இன்னும் வாங்கவில்லை. உங்கள் இடத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

கணக்குப் பிரிவிலிருந்து:

நீங்கள் சொன்ன 'நடுவில் இருக்கும் இடம்' எங்களுக்கு மாதக் கடைசியில் வரும். சப்ளையர் பில்லில் 200, ஆர்டரில் 250, சரக்கு வந்த சீட்டில் 180. எது சரி என்று தேடியே மூன்று நான்கு நாள் ஓடிவிடும்.

இந்தத் தொல்லைக்குப் பெயர் போன உதாரணம் ஃபோர்டு. 1980-களின் தொடக்கத்தில் பில் பட்டுவாடா செய்ய மட்டும் அங்கே 500-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஜப்பானியக் கார் நிறுவனமான மஸ்தாவில் அதே வேலைக்கு 5 பேர். நிறுவனத்தின் அளவைக் கணக்கில் எடுத்தாலும் அந்த இடைவெளி மிகப் பெரியது. ஆர்டர், வரவுச் சீட்டு, பில் மூன்றிலும் 14 விவரங்கள் பொருந்துகின்றனவா என்று ஃபோர்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சப்ளையர் பில்லே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சரக்கு வாசலுக்கு வரும்போதே கணினியில் இருக்கும் ஆர்டரோடு ஒத்துப்போனால் ஏற்பது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது. பொருத்த வேண்டியது மூன்றே விவரங்கள். மேலாண்மை எழுத்தாளர் மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதிய கட்டுரையில் இது விரிவாக வருகிறது.

எங்களால் அந்த அளவுக்குப் போக முடியவில்லை. சரக்கு வந்த அன்றைக்கே ஸ்டோரில் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் கொண்டுவரப் பார்த்தோம். ஸ்டோர் கண்காணிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க வேலையை எங்க தலையில கட்டுறீங்க சார்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எங்களுக்கு மிச்சமாகும் நேரம் அவருக்குச் செலவாகிறது. ஆகவே ஒரு நாள் முழுக்க அவரோடு உட்கார்ந்து, எங்களுக்காக அவர் நிரப்பும் படிவங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். அதில் இரண்டை எங்கள் பிரிவில் யாருமே திறந்து பார்ப்பதில்லை! அவற்றை அன்றே நிறுத்தினோம். அடுத்த வாரம் அவரே பதிவைத் தொடங்கிவிட்டார். ஒருவர் மேல் புது வேலை ஏற்றுவதற்கு முன்னால் பழையதில் ஒன்றை இறக்கி வைக்க வேண்டும் என்பது அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

கணினி உதவிப் பிரிவிலிருந்து:

எங்களுடையது சின்ன அனுபவம். எந்தப் புகார் கொடுத்தாலும் இரண்டு வாரம் ஆகிறது என்ற பேச்சு இருந்தது. ஆள் போதவில்லை என்றே நானும் நினைத்தேன். லிட்டில் விதி என்று ஒன்று உண்டு, 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்தது. நிலுவையில் இருக்கும் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். எங்களிடம் நிலுவை 120, தினமும் முடிப்பது 8. வகுத்தால் 15 நாள். புகார் அப்படியே கணக்கில் வந்து நின்றது.

ஒருவர் கையில் ஒரே நேரத்தில் மூன்று புகாருக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தோம். பதினைந்தைத் திறந்து வைத்து மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தது நின்றது. ஆள் கூடவில்லை, ஆனால் முடிகிற எண்ணிக்கை கூடியது.

நிர்வாகப் பிரிவிலிருந்து:

எல்லாரும் நல்லபடியாக முடிந்ததை எழுதியிருக்கிறீர்கள். நான் தவறிப்போன ஒன்றை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், பணம் அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் நாலு கையெழுத்து. நாலு பேர் பார்த்தால் தவறு நடக்காது என்பது எண்ணம். ஒரு சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஒரு கடிதம் வந்தது. கணக்கு மாற்றப்பட்டது, பணம் போனது, கடிதம் போலி. தாளை எடுத்துப் பார்த்தால் நாலு கையெழுத்தும் இருக்கின்றன. மூன்றாவது என்னுடையது. எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நம்பிப் போட்டேன். முதல் இருவர், பின்னால் இரண்டு பேர் பார்ப்பார்கள் என்று நம்பிப் போட்டிருந்தார்கள். அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதன் பிறகு கையெழுத்தை இரண்டாகக் குறைத்தோம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே அவர் எதைப் பார்த்தார் என்று ஒரு வரி அச்சடித்தோம். முதலாமவர்: "பொருள் வந்து சேர்ந்ததை உறுதி செய்தேன்." இரண்டாமவர்: "வங்கி விவரத்தை, எங்களிடம் முன்பே இருந்த எண்ணுக்கு போன் செய்து உறுதி செய்தேன்." கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது உங்கள் இடத்தில் பாருங்கள்.

தொழிற்கூடத்திலிருந்து:

டொயோட்டாவில் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் அங்கே ஓடி வருவார், சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். நாங்கள் கயிறெல்லாம் கட்டவில்லை. யோசனைப் பெட்டியில் விழும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்வது, 'முடியாது' என்றாலும் காரணத்தோடு சொல்வது என்று மட்டும் வைத்தோம். அதுவரை அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

முதலில் வந்த சீட்டு பேக்கிங் மேசையிலிருந்து. லேபிள் சுருள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது, ஒவ்வொரு பெட்டிக்கும் திரும்ப வேண்டியிருக்கிறது, சாயங்காலம் இடுப்பு வலிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அன்று மதியமே இரண்டு திருகு கழற்றி முன்பக்கம் மாட்டினோம். பத்து நிமிட வேலை. "பதினோரு வருஷமா இப்படித் திரும்பிட்டு இருக்கேன். யாரும் கேக்கல சார்" என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கொள்முதல் பிரிவிலிருந்து:

நாலு கையெழுத்துக் கதையைப் படித்துவிட்டு எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஒப்புதல்களைக் குறைத்தோமே தவிர, மீதி இருக்கிற ஒவ்வொருவரும் எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதவில்லை. நாளைக்கு அதைத்தான் முதலில் செய்யப் போகிறேன்.

பதிவேட்டு மேடம் என்ன ஆனார் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சப்ளையர்களை மதிப்பிடும் கூட்டத்தில் இப்போது அவரும் உட்காருகிறார். முதல் கூட்டத்துக்கு அந்தப் பழைய பதிவேட்டையே தூக்கிக்கொண்டு வந்தார், பக்கங்களுக்கு நடுவே அடையாளத் தாள்கள் வைத்து.