புதுப்பிப்பு: 'பாபா ஓ'ரைலி' தொடக்கத்தில் ஒலிப்பது எந்தக் கருவி?

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான தி ஹூ 1971-இல் வெளியிட்ட 'பாபா ஓ'ரைலி' பாட்டின் தொடக்கத்தில் ஒரு இசை துள்ளி ஓடுகிறதே, அது எந்த சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) என்று முன்பு கேட்டிருந்தேன், பலரும் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் சிந்தசைசர் என்றீர்கள். விடை கிடைத்துவிட்டது. அது சிந்தசைசரே இல்லை, லோரி பெர்க்‌ஷயர் என்ற வீட்டு ஆர்கன்! அதில் 'மரிம்பா ரிப்பீட்' என்று ஒரு வசதி உண்டு. கட்டைகளை அழுத்திப் பிடித்தாலே போதும், சுரங்களை அதுவே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கும். குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்சென்ட் வாசித்தது அதைத்தான்.

அப்புறம் அந்தப் பாட்டு வந்த அதே 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தின் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' கேளுங்கள். அங்கேயும் லோரி ஆர்கன்தான், ஆனால் அதன் ஒலியை இ.எம்.எஸ். வி.சி.எஸ்.3 சிந்தசைசரின் ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் அமைப்பு) வழியாக விட்டு எடுத்திருக்கிறார், அதனால்தான் அழுத்திப் பிடித்த சுரக்கூட்டு (chord) மாறாமலே ஒலி மட்டும் திறந்து மூடித் துடிக்கிறது. ஹெட்போனில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேல்.