வீட்டில் செய்த லிப் ஸ்க்ரப் உதட்டை எரிக்கிறது, எங்கே தப்பு செய்தேன்?

ஸ்கூட்டர்காரி (புதுச்சேரி):

வீடு முத்தியால்பேட்டை, வேலை காலாப்பட்டில். தினமும் போக வர ஈ.சி.ஆரில் ஸ்கூட்டர், போய்ச் சேர்ந்தால் எட்டு மணி நேரம் ஏ.சி. உதடு எப்போது பார்த்தாலும் தோல் உரிந்தே கிடக்கிறது. லிப்ஸ்டிக் போட்டால் உப்புக்காற்றில் சுவர் பெயின்ட் பொரிந்த மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது. வைகாசியில் நாத்தனார் கல்யாணம், மண்டபம் கடலூரில், போட்டோவுக்கு இந்த வாயோடா நிற்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோவைப் பார்த்து லிப் ஸ்க்ரப் செய்தேன். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் தேன், அரை மூடி எலுமிச்சம்பழம். ஐந்து நிமிடம் தேய்க்கச் சொன்னார்கள். நான் இன்னும் நன்றாக வரட்டும் என்று பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துப் பத்து நிமிடம் தேய்த்தேன்.

கழுவியதும் உதடு பளபளவென்றுதான் இருந்தது. மதியம் வஞ்சிரக் குழம்பில் ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர். மாமியார் பயந்துபோய் "காரம் கூடிப்போச்சா?" என்கிறார், நான் என்னத்தைச் சொல்ல! நான்கு நாள் தயிர்சாதம்தான். மிச்சத்தை டப்பாவில் போட்டு பாத்ரூம் அலமாரியில் வைத்தேன், மறுநாள் காலை அதைச் சுற்றி எறும்பு ஊர்வலம்.

சர்க்கரை தப்பா, எலுமிச்சையா, இல்லை என் உதட்டுக்கே இது ஆகாதா? செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பத்து அக்கா:

சர்க்கரை ஆலை ஊர்க்காரி சொல்கிறேன், முதலில் பரலைப் பார். மூட்டையில் எம்-30, எஸ்-30 என்று போட்டிருக்கும். எழுத்து பரலின் அளவுக்கு, எண் நிறத்துக்கு. எம் என்றால் பெரிய பரல், எஸ் சின்னது. கடையில் வாங்குகிற எதையும் ஒரு சிட்டிகை எடுத்துப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தால் மூலையும் முனையுமாகக் குத்தும், அதை உதட்டில் பத்து நிமிடம், அதுவும் பிரஷ்ஷால்! பாத்திரம் தேய்த்திருக்கிறாய் தங்கச்சி.

நான் நாட்டுச் சர்க்கரையைத்தான் எடுப்பேன், அதையும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. கோலமாவு பதத்துக்கு வந்தால் போதும். ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு அரை ஸ்பூன் செக்குத் தேங்காய் எண்ணெய், இரண்டு சொட்டுத் தேன், அவ்வளவுதான். வீடியோவில் ஐஸ்கிரீம் மாதிரி கெட்டியாக நிற்கிறதே என்று பார்க்காதே. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், நம் ஊரில் மார்கழி விடியற்காலையைத் தவிர அது உறைந்து எங்கே பார்த்தோம்? எண்ணெய் மேலேயும் சர்க்கரை அடியிலும்தான் நிற்கும், விரலால் கலக்கிக்கொள்ள வேண்டியதுதான். கெட்டியாகத்தான் வேண்டும் என்றால் எண்ணெய்க்குப் பதில் வாசலின்.

டப்பாவில் சேர்த்து வைக்கிற வேலையே வேண்டாம். ஈர விரல் பட்டால் கெட்டுப்போகும், எறும்புக்கு நாம் ஏன் படியளக்க வேண்டும்? அன்றன்றைக்கு உள்ளங்கையில் கலந்துகொள்.

மஞ்சக்குப்பம் பார்லர்:

கடலூரில் பதினோரு வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன், கல்யாணப் பெண்களே இப்படி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டு முதல் நாள் வந்து நிற்பார்கள். எலுமிச்சையை உதட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். புளிப்பு எரிப்பது ஒரு பக்கம், அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கருத்துப்போகும், கொப்புளம்கூட வரும். நீங்களோ நேராக ஸ்கூட்டரில் ஏறி வெயிலில் போகிறவர். உதட்டுக் கருப்பு போகும் என்று தடவி, இருந்த நிறத்தையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு, பட்டைத்தூள், புதினா எண்ணெய் என்று போடுவதும் இதே கதைதான். சுருசுருவென்று இழுத்தால் வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள், அது உதடு அழுகிறது.

முகத்தில் எண்ணெய் வழிகிற மாதிரி உதட்டில் வழியாது, கவனித்திருப்பீர்கள். தோலும் மெல்லிசு. அதனால் ஸ்க்ரப் செய்ய வேண்டியது ஏற்கெனவே கழன்று தொங்குகிற தோலை எடுப்பது மட்டும்தான், ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்ப்பது இல்லை. குளித்து முடித்ததும் உதடு ஊறியிருக்கும், அப்போது விரல் நுனியால் அரை நிமிடம், வாரத்துக்கு ஒரு தடவை. கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் நெய்யோ வாசலினோ மேலே பூசிவிட வேண்டும். பூசாமல் விட்டால் தேய்த்ததே வீண். உண்மையைச் சொன்னால் பாதிப் பேருக்குச் சர்க்கரையே தேவையில்லை, பழைய மெல்லிய வேட்டித் துணியை நனைத்து ஒற்றி எடுத்தாலே வந்துவிடும் (இதைச் சொன்னால் என் வியாபாரம் என்ன ஆவது!).

இப்போதைக்கு எரிச்சல் முழுக்க அடங்கும் வரை எதையும் தேய்க்காதீர்கள், வாசலின் மட்டும். கல்யாணத்தன்று காலையில் ஸ்க்ரப் வேண்டாம், இரண்டு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். மேட் லிப்ஸ்டிக்கும் வேண்டாம், அது இருக்கிற ஈரத்தையும் இழுத்துவிடும்.

வெண்ணெய்த்தாழி:

ஆண் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் பாட்டி ராத்திரி படுக்கப் போகும்போது மோர் கடைந்த வெண்ணெயைச் சுண்டுவிரலில் தொட்டு வைத்துவிடுவார். வேறு ஒன்றும் கிடையாது. எண்பது வயதிலும் உதடு வெடித்து நான் பார்த்ததில்லை. வெற்றிலைச் சிவப்பு வேறு.

பண்ருட்டி பலாக்கொட்டை:

எல்லோரும் தேய்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், ஏன் உரிகிறது என்று யாரும் கேட்கவில்லையே. சகோதரி, வண்டி ஓட்டும்போது உதட்டை நக்கிக்கொண்டே போவீர்களா? எச்சில் காயக் காய உதடு இன்னும் வறளும், வறண்டால் மறுபடி நக்குவோம், இதற்கு முடிவே கிடையாது. எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்ட ஆரம்பித்த பிறகு பாதி குறைந்தது.

இன்னொன்று, இது மாம்பழ சீசன். தோலோடு கடித்துச் சாப்பிடுகிற ஆளா? எங்கள் பக்கம் முந்திரி உடைக்கிறவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள், ஓட்டு எண்ணெய் பட்டுக் கருத்து வெந்து போயிருக்கும். மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம். மாங்காய்க் காம்புப் பாலும் தோலும் சிலருக்கு வாயைச் சுற்றி அரிப்பும் உரிதலும் கொடுக்கும். பேஸ்ட்டையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், ரொம்பக் காரமான பேஸ்ட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வாயின் இரண்டு ஓரமும் வெடித்துப் புண்ணாக இருந்தால் மட்டும் இந்த வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைந்தாலும் அப்படி வரும், பூஞ்சையாலும் வரும். சர்க்கரை தேய்த்தால் இன்னும் மோசமாகும்.

ஸ்கூட்டர்காரி:

அக்கா, பார்லர் மேடம், எல்லோருக்கும் நன்றி. ஓரத்தில் வெடிப்பு இல்லை, நடுவில்தான். மாம்பழம் தோலோடுதான் சாப்பிடுகிறேன், கொட்டையையும் விடுவதில்லை! ஆனால் மார்கழியிலும் உரிந்ததே, அதனால் மாம்பழத்தின் மேல் முழுப் பழியையும் போட மனசு வரவில்லை. நக்குகிற பழக்கம் இருக்கிறதா என்று பக்கத்து சீட் தோழியைப் பார்க்கச் சொன்னேன், டீ டைமுக்குள் பதினேழு தடவை என்று எண்ணிச் சொன்னாள். எனக்கு ஒரு தடவைகூடத் தெரியவில்லை.

ஒரு வாரமாக வாசலின் மட்டும்தான், கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். நேற்று குழம்பு சாப்பிட்டேன், எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாட்டுச் சர்க்கரையை ஒரு சுற்று விட்டுப் பார்க்கிறேன்.

அந்த எலுமிச்சை டப்பாவைத் தூக்கிப் போடப் போனால் காணோம். மாமியார் எறும்பைத் தட்டிவிட்டு முழங்கைக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் செஞ்சு வை" என்கிறார்.