கிச்சனர் அனுபவங்கள்: எந்த கிங், எந்த வெபர்?

கிங் தெருக்காரன்:
கனடாவின் கிச்சனர் நகருக்கு வந்த முதல் வாரம். வாடகைக்கு அறை பார்க்கப் போனவன் வழி தப்பி, வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கிங் தெருவும் வெபர் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கிறேன்" என்றால், "எந்த முனை?" என்கிறார். இரண்டு தெரு ஒரு தடவைதானே சந்திக்கும் என்று எனக்கு எரிச்சல். அவர் சிரித்துவிட்டார். இங்கே அவை மூன்று இடத்தில் வெட்டிக்கொள்கின்றன! போதாததற்கு, பக்கத்து வாட்டர்லூவில் வடக்கு, தெற்கு என்று ஓடும் கிங் தெரு, கிச்சனர் எல்லைக்குள் கிழக்கு, மேற்கு ஆகிவிடும். பென்சில்வேனியாவிலிருந்து குதிரை வண்டி கட்டி வந்த, மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் இந்த நிலத்தை வாங்கியபோது, அளவையில் சாலைக்கென்று இடமே விடவில்லை. அவர்கள் வண்டி போன தடம்தான் பிறகு தெருவானது. தடம் வளைந்தால் தெருவும் வளையும்.

அறை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு எண்பதுக்கு மேல். "நானும் என் அப்பாவும் ஒரே வீட்டில்தான் பிறந்தோம், ஆனால் வேறு வேறு ஊரில்" என்பார். அப்பா பிறந்தபோது ஊரின் பெயர் பெர்லின். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இந்த ஊர்மேல் எனக்குப் பிடிப்பு வந்தது. முதல் உலகப் போர் நடுவே, எதிரியின் தலைநகர்ப் பெயரை வைத்துக்கொண்டு பொருள் விற்க முடியாது, விசுவாசத்தையும் சந்தேகிப்பார்கள் என்று ஊர் இரண்டாகப் பிளந்தது. 1916 மே மாதம் வாக்கெடுப்பு. மாற்றலாம் என்றவர்கள் 1,569 பேர், வேண்டாம் என்றவர்கள் 1,488 பேர். 81 வாக்கில் பெர்லின் போனது.

அப்புறம் புதுப் பெயருக்கு இன்னொரு வாக்கெடுப்பு. அதற்குள் ஊருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும், விழுந்தவை மொத்தம் 892. ஜூன் 5-ஆம் தேதி கப்பலோடு கடலில் மூழ்கி இறந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர் 346 வாக்கு பெற்று வென்றது. 1812 போரில் இறந்த பிரிட்டிஷ் தளபதி ப்ராக்கின் (Brock) பெயருக்கு 335. இந்தக் கிச்சனர், நம் இந்தியாவில் படைத் தலைவராக இருந்தபோது வைஸ்ராய் கர்சனோடு மல்லுக்கட்டிய அதே ஆள்தான். ஆக, 346 பேர் வைத்த பெயரில்தான் இன்று இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறோம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பூங்காப் பக்கம்:
நான் பின்னேரங்களில் விக்டோரியா பூங்காவில் நடப்பேன். குளக்கரையில் ஒரு வயதான அம்மா வழக்கமாக இருப்பார். ஒருநாள் என் மகளைக் கூப்பிட்டு, "இந்தத் தண்ணிக்குள்ளே ஒரு பேரரசர் கிடந்தார், தெரியுமா?" என்றார். பிள்ளை பயந்துபோனாள். கிடந்தது சிலை. ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் மார்பளவுச் சிலையை 1897-இல் பூங்காவில் வைத்திருந்தார்கள். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் அதைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டுபோய் ஜெர்மன் சங்கமான கான்கார்டியா மண்டபத்தில் வைத்தால், 1916 பிப்ரவரியில் கனடாவின் 118-ஆவது படைப்பிரிவுச் சிப்பாய்கள் உள்ளே புகுந்து தூக்கிப் போனார்கள். பிறகு அதைக் கண்டவர் இல்லை. உருக்கி, சாப்பாட்டு மேசையில் கைத்துணியைச் சுருட்டிச் செருகும் வளையங்கள் செய்தார்கள் என்று ஊரில் கதை உண்டு.

அந்த அம்மா சிலையைப் பற்றிச் சிரித்துத்தான் கதைத்தார். அடுத்த மாதமே அதே படைப்பிரிவுச் சிப்பாய்கள் லூத்தரன் போதகர் டாப்பர்ட்டை வீட்டிலிருந்து இழுத்து அடித்ததைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தன் பாட்டி தெருவில் ஜெர்மன் பேசியதே இல்லையாம். வீட்டில், அதுவும் செபத்துக்கு மட்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் என்ன மொழி பேசுகிறோம் என்று பார்த்துப் பேசுவது எனக்குப் புதிதா என்ன.

இரவு ஷிப்டு:
என்னுடையது சின்னக் கதை. ரயில் தண்டவாளம் போடத் தெருவைத் தோண்டிய வருடங்களில் பஸ் எந்தப் பக்கம் சுற்றிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. 2016-இல் வாட்டர்லூ கிங் தெருவில் வேலை திடீரென்று நின்றது. கேட்டால், கீழே மரக்கட்டைகளை வரிசையாகப் படுக்கவைத்துப் போட்ட இருநூறு வருடத்துப் பழைய சாலை கிடக்கிறதாம். சேற்றில் வண்டி புதையாமலிருக்க இங்கே முதலில் குடியேறிய ஆட்கள் போட்டது. அன்று வேலைக்குத் தாமதம். மேற்பார்வையாளரிடம் காரணம் சொன்னேன், நம்பவில்லை. மறுநாள் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

சனிக்கிழமைச் சந்தை:
பழைய பெயர் போனதே தவிர ஊர் மாறவில்லை என்பது என் கட்சி. 1969-இல் தொடங்கிய அக்டோபர்ஃபெஸ்ட் இன்னும் நடக்கிறது. நன்றி நவிலும் நாளில் ஊர்வலம் போகும்போது, நூறு வருடத்துக்கு முன் மறைத்த ஜெர்மன்தனத்தை இப்போது மேளம் கொட்டிக் காட்டுகிறார்கள். செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைக்கு மெனோனைட்கள் குதிரை வண்டியில் வருகிறார்கள். நான் வேலை பார்ப்பது பழைய லாங் தோல் பதனிடும் ஆலைக் கட்டடத்தில். தோல் பதனிட்ட இடத்தில் இப்போது மென்பொருள் எழுதுகிறோம். மழைக்காலத்தில் ஒரு வாசனை வருகிறது என்று நான் சத்தியம் செய்வேன், சக ஊழியர்கள் மனப்பிரமை என்கிறார்கள்.

கிங் தெருக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. அந்த 1916 வாக்குச் சீட்டில் வேறு பெயர்களும் இருந்தன. ஆங்கிலத்தில் Canada-வைப் பின்னிருந்து எழுதிய அடனாக் (Adanac), பென்டன், கியோவானா, அப்புறம் கொரோனா. ஆமாம், கொரோனா. 2020 ஊரடங்கில் வீட்டுக்காரரும் நானும் வாசலில் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தபோதுதான் இதைச் சொன்னார். "என் தாத்தா எதற்கு வாக்குப் போட்டார் என்று தெரியாது" என்றார். "நல்லவேளை, அதற்குப் போடவில்லை என்று நம்புகிறேன்."