மாசுவரம்பு அனுமதி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

ஐயா அவர்களுக்கும் ஏனைய நண்பர்களுக்கும் வணக்கம்.

மாசு உண்டாக்கக்கூடிய கைத்தொழில்களுக்கு அரசு வழங்கும் அனுமதியைக் குறிக்கச் ‘சுற்றாடல் அனுமதி’ என்பதே போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். சொல் எளியதுதான், ஆனால் இலங்கைச் சூழலில் அது இரு வேறு ஆவணங்களை ஒன்றாக்கிவிடும். பெரிய கருத்திட்டமொன்று தொடங்குமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டின் பேரில் பெறப்படும் அங்கீகாரம் ஒன்று; தொழில் இயங்கும் காலமெல்லாம் கழிவை வெளியேற்றுவதற்கு வைத்திருக்க வேண்டிய அனுமதிப்பத்திரம் மற்றொன்று. நாம் பெயர் தேடுவது இரண்டாவதற்கே.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் திருத்தப்பட்டபோது இந்த அனுமதி முறையைப் பெற்றது. அனுமதிப்பத்திரத்தின் அதிகாரத்தின் கீழும், விதிக்கப்பட்ட நியமங்களுக்கு இணங்கவும் அன்றி, மாசு உண்டாக்கும் கழிவை எவரும் சுற்றாடலில் சேர்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தொழில்களை ஏ, பீ, சீ என மூன்று பகுதிகளாக்கி, மாசு கூடிய ஏ பகுதிக்கு ஓராண்டும் மற்றவற்றுக்கு மூன்றாண்டும் செல்லுபடிக் காலம் வகுத்தன. சீ பகுதிக்குரிய சிறு தொழில்களின் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் விடப்பட்டது.

சட்டத்தில் இதன் பெயர் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். மலையக நகரங்களான அட்டனிலோ தலவாக்கலையிலோ வாகனச் சேவை நிலையம் வைத்திருப்பவர், அதன் ஆங்கிலப் பெயரின் (Environmental Protection Licence) சுருக்கத்தைச் சொல்லி, ‘ஈ.பீ.எல். எடுத்தாச்சா?’ என்றுதான் கேட்பார். ‘பாதுகாப்பு’ என்ற சொல், உண்மையில் நிகழ்வதை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். தலவாக்கலை நிலையமொன்றின் கழுவுநீர் ஓடை வழியாகக் கொத்மலை ஓயா ஆற்றில் கலந்து மகாவலி ஆற்றுக்குப் போகிறது; அதில் எண்ணெயும் மசகும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு 2008இல் விதிக்கப்பட்ட பொது நியமம். ஐந்து நாள் உயிரியல் ஒட்சிசன் தேவைக்கு, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் அந்நாள்களில் எடுக்கும் ஒட்சிசனுக்கு, லீற்றருக்கு 30 மில்லிகிராம். ஆக, பத்திரம் ஓர் எல்லைவரை வெளியேற்ற விடுகிறது, அதற்கு மேல் தடுக்கிறது. இவ்விரண்டும் பெயரிலேயே தெரிய வேண்டும்.

நண்பரொருவர் முன்வைத்த ‘மாசனுமதி’ முதற்பாதியை மட்டும் சொல்கிறது; அதைக் கையில் வைத்திருப்பவர் மாசுபடுத்தத் தமக்கு அதிகாரம் உண்டென்றே வாதிடக்கூடும். தமிழ்நாட்டு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் ‘இசைவாணை’ அழகிய சொல், ஆயினும் அது அங்குள்ள சட்டத்தோடு ஒட்டிவிட்டது. ‘உரிமம்’ பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் என்பதை நாம் சாரதி அனுமதிப்பத்திரம் என்கிறோம். அதற்கும் மேலாக, தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களின் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டுப் போராடிவரும் மலையகத்தில் ‘உரிமை’யின் வேர்ச்சொல்லை, நிபந்தனை மீறினால் இடைநிறுத்தவும் இரத்துச் செய்யவும் கூடிய ஒரு தாளுக்குச் சூட்டுவது பொருந்தாது. (தூய தமிழ் அன்பர்கள் வடசொல்லான ‘அனுமதி’யைப் பொறுத்தருள வேண்டும்.)

எனவே ‘மாசுவரம்பு அனுமதி’ என முன்மொழிகிறேன். ‘வரம்பு’ வயலிலிருந்து வந்தாலும் விளக்கம் வேண்டாத சொல். புகை, கழிவுநீர், இரைச்சல் மூன்றுக்கும் ஒக்கும். தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புப் புகையைச் சுட்ட வேண்டுமானால் ‘கழிவுநீர் அனுமதி’ உதவாது. இலங்கைச் சட்டத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் சட்டப் பெயரையே எழுதலாம். பிறநாட்டு முறைகளையும் சேர்த்துப் பேசும் கட்டுரைகளுக்குப் புதுச் சொல் பயன்படட்டும்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: மாசுவரம்பு அனுமதி — கைத்தொழில் ஒன்று, குறித்த காலத்துக்கு, விதிக்கப்பட்ட நியமங்களுக்கு உட்பட்டுக் கழிவையோ புகையையோ இரைச்சலையோ வெளியேற்றுவதற்கு, அதிகாரம் பெற்ற அமைப்பு நிபந்தனைகளோடு வழங்குவது, புதுப்பிக்கத்தக்கது, இரத்துச் செய்யத்தக்கது.

‘நியமம்’ என்பதற்குப் பதிலாகத் ‘தரநிலை’ வேண்டும் என்போர் தம் காரணத்தை எழுதினால், வரைவைத் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
அட்டனிலிருந்து