புதுப்பிப்பு: ஜப்பானியமா, ஜெர்மனா, மாண்டரினா? எடுத்தாச்சு

போன செமஸ்டர் கேட்டிருந்தேன்: பினாங்கில் வேதியியல் படிக்கிறேன், தமிழ், மலாய், ஆங்கிலம் போக நாலாவதாக எந்த மொழி எடுக்கலாம்? பாதிப் பேர் மாண்டரின் என்றீர்கள். இங்குள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை தேடப் போகிறவர்களுக்கு அது சரிதான்.

நான் ஜெர்மன் எடுத்தேன். புது ஆய்வுக் கட்டுரைகளுக்கு அது தேவையில்லை, பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பழையதைத் தோண்டும்போதுதான் பயன். கரிம வேதியியலின் பெரிய கையேடான பைல்ஸ்டைன் 1980கள் வரை ஜெர்மனில்தான் வந்தது.

எதிர்பாராத லாபம் ஒன்று. ஐந்தாம் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்த தனிமக் குறியீடுகள் இப்போதுதான் விளங்குகின்றன. பொட்டாசியம் ஜெர்மனில் 'காலியும்', அதனால் 'கே'. டங்ஸ்டன் 'வோல்ஃப்ராம்', அதனால் 'டபிள்யூ'. ஹைட்ரஜன் 'வாஸர்ஷ்டோஃப்', அதாவது நீர்ப்பொருள். நம்ம 'நீரகம்' மாதிரியே!

வயிற்றெரிச்சல் இலக்கணத்தில் வரும் ஆண்பால், பெண்பால்தான். நமக்கு எல்லாம் அஃறிணை. அங்கே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிடும்போதுகூட முள்கரண்டியைப் பார்த்து 'டீ காபெல்' என்று முணுமுணுக்கிறேன்; 'டீ' பெண்பாலைக் காட்டும் சொல். 'டீ' மட்டும் காதில் விழுந்த எதிர் அண்ணன், "தே தாரேக்கா (இழுத்து ஆற்றிய டீயா) தம்பி?" என்றார்.