உயில் இருந்தும் ப்ரொபேட் கேட்கிறார்கள்: திருவட்டார் பக்கத்து வீட்டை விற்பது எப்படி?

ஆற்றூர்க்காரி:

கன்னியாகுமரி ஜில்லா, திருவட்டார் பக்கம் எங்கள் அம்மா வீட்டை விற்கலாம் என்று இருக்கிறோம். 14 சென்ட், பழைய ஓட்டு வீடு. அம்மா போன வருஷம் இறந்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நாங்கள் மூன்று பேர், மூத்தவள் நான். பெரிய தம்பி ஷார்ஜாவில். சின்னத் தம்பி கொரோனா நேரத்தில் இறந்துவிட்டான். அவன் மனைவியும் பதினாறு வயது மகனும் மார்த்தாண்டத்தில் இருக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். வாங்க வந்தவரின் பேங்க் வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான்.

கடைசிக் காலத்தில் அம்மா என்னோடு இருந்தார்கள். வீட்டை எனக்கு என்று உயில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைத்தாளில்தான், ரெஜிஸ்டர் செய்யவில்லை. இரண்டு சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. வாங்குபவர் நல்ல மனிதர், விலையும் பரவாயில்லை. ஆனால் லோனில் வாங்குகிறார். அவருடைய பேங்க் வக்கீல் உயிலைப் பார்த்துவிட்டு, "கிறிஸ்தவர்கள் என்றால் ப்ரொபேட் வேண்டும், நாகர்கோவில் ஜில்லா கோர்ட்டில் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்கிறார். உயில் உண்மையானது என்று கோர்ட் சான்றிட்டுத் தருவதுதானாம் ப்ரொபேட். எங்கள் ஊரில் பத்திரம் எழுதும் அண்ணாச்சியோ, "அதெல்லாம் சென்னைக்காரர்களுக்கு. நம்ம ஜில்லாவில் எவனும் ப்ரொபேட் வாங்கினது கிடையாது" என்று சிரிக்கிறார். இரண்டு பேரும் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. பாட்டா (தாத்தா) அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த ஆதாரம், அதாவது பத்திரம், கொல்லம் ஆண்டு 1130-ல் (1954-55) எழுதியது. நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தியது, அதனால் முழுக்க மலையாளம். பட்டா இன்னும் பாட்டா பெயரில்தான் கிடக்கிறது. வீட்டு வரி மட்டும் அம்மா பெயரில். எங்கே தொடங்குவது?

---

மேக்காமண்டபம்:

அக்கா, எதற்கு இவ்வளவு தலைவலி? தாலுகா ஆபீசில் வாரிசு சான்று வாங்குங்கள். வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து கிரையத்தில் கையெழுத்துப் போடுங்கள், முடிந்தது. நாங்கள் அப்படித்தான் விற்றோம். உயிலை மடித்துப் பெட்டியில் வையுங்கள்.

---

ஓய்வுபெற்ற குமாஸ்தா, குழித்துறை:

மேக்காமண்டபம் தம்பி சொல்கிற வழி, எல்லா வாரிசும் 18 வயது தாண்டியவர்களாக இருந்தால் நல்ல வழிதான். இங்கே ஒரு பையனுக்குப் பதினாறு வயது. உயில் இல்லை என்று வைத்துக்கொண்டால் சின்னத் தம்பியின் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பையனுக்குத்தான் போகும். மைனர் பங்கை அவன் அம்மா கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது, அதற்கு ஜில்லா கோர்ட் அனுமதி வேண்டும். கோர்ட்டைத் தவிர்க்கப் போய் வேறு வாசல் வழியாக அதே கோர்ட்டில்தான் நிற்பீர்கள்.

இனி ப்ரொபேட். வக்கீலும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு காலத்தைப் பேசுகிறார்கள். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ஆம் பிரிவு என்று ஒன்று. ப்ரொபேட் இல்லாமல் உயிலின் பேரில் கோர்ட்டில் உரிமை நாட்ட முடியாது என்றது அது. இந்துக்களைப் பொறுத்தவரை நம் மாநிலத்தில் சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில், அங்கே உள்ள சொத்து, இவற்றுக்கு மட்டும்தான் அது பொருந்தியது. அண்ணாச்சி சொல்வது அந்தக் கதை. கிறிஸ்தவர்களுக்கு அப்படி விலக்கு இல்லை, எந்த ஜில்லாவானாலும் ப்ரொபேட் வேண்டியிருந்தது. பேங்க் வக்கீல் நினைவில் இருப்பது அது. ஆனால் 2002-ல் திருத்தம் கொண்டுவந்து இந்தியக் கிறிஸ்தவர்களையும் விட்டுவிட்டார்கள். 2025 டிசம்பரில் அந்த 213-ஆம் பிரிவையே நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. ஆகவே சட்டப்படி கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லை என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேன். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சாட்சிகள் யார்? உயிலில் "இன்னார் இதை நிறைவேற்ற வேண்டும்" என்று யார் பெயராவது இருக்கிறதா?

---

ஆற்றூர்க்காரி:

ஐயா, நன்றி. யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. நிறைவேற்றுபவர் என்று யார் பெயரும் இல்லை. ஒரு சாட்சி பக்கத்து வீட்டுக்காரர், அவர் இறந்துவிட்டார். இன்னொருவர் எங்கள் சபை உபதேசியார், எண்பதைத் தாண்டியவர், நினைவு தெளிவாக இருக்கிறது. உயிலை எழுதியது என் வீட்டுக்காரர். அம்மா சொல்லச் சொல்ல எழுதினார், கீழே "எழுதியவர்" என்று தன் பெயரைப் போட்டிருக்கிறார். அது தப்பா?

---

ஓய்வுபெற்ற குமாஸ்தா, குழித்துறை:

தப்பில்லை. ஆனால் சாட்சி இடத்தில் கையெழுத்துப் போடாதது உங்கள் அதிர்ஷ்டம். கிறிஸ்தவர்கள் உயிலில் 67-ஆம் பிரிவு என்று ஒரு முள் இருக்கிறது: சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிவைத்த சொத்து அவர்களுக்குப் போகாது. உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் செல்லாது. இந்துக்களுக்கு இது பொருந்தாது, அதனால் பத்திரம் எழுதுகிறவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. "எழுதியவர்" என்ற இடத்தில் மட்டும் பெயர் இருக்கிறதா என்று உங்கள் வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். சொத்து யாருக்குப் போகிறதோ அவர் புருஷனே உயிலை எழுதியிருந்தால், பிறகு சண்டை வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது அதைத்தான். சந்தேகத்தைத் தீர்க்கிற பொறுப்பு உங்கள் மேல் விழும். இதுவும் மைனர் பையனும் சேர்ந்தால், வாங்குபவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வக்கீல் சொன்ன காரணம் பழையது, கேட்கிற காகிதம் சரி. வாரிசுகளுக்கு நோட்டீஸ் போய், பையன் சார்பில் கோர்ட்டில் பேச வழக்குக் காப்பாளர் வைத்து, உயிலைக் கோர்ட் ஏற்றுக்கொண்டுவிட்டால் பையன் பெரியவனான பிறகு அதைப் புரட்டிப் போடுவது லேசில் நடக்காது.

உங்கள் உயிலில் நிறைவேற்றுபவர் இல்லாததால் கிடைப்பது ப்ரொபேட் அல்ல. உயிலை இணைத்த நிர்வாகப் பத்திரம் என்பார்கள், உயில்படி சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் கொடுக்கும் அதிகாரம். இதில் ஒரு வித்தியாசம் உண்டு: நிர்வாகப் பத்திரம் வாங்கியவர் கோர்ட் முன் அனுமதி இல்லாமல் வீடு நிலத்தை விற்றால், பிறகு யாராவது அந்த விற்பனையைக் கலைக்க முடியும், 307-ஆம் பிரிவு. விற்பனை அனுமதியையும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உத்தரவு கையில் வந்தபிறகு பேங்க் வக்கீல் இதைக் கேட்பார், மறுபடியும் நாகர்கோவில் பஸ்.

முதல் வேலை உபதேசியார். மனுவோடு அவர் உறுதிமொழி போக வேண்டும், பிறகு சாட்சியும் சொல்ல வேண்டும். எண்பது வயது. மழைக்காலம் வரட்டும், பண்டிகை கழியட்டும் என்று நிற்காதீர்கள்.

---

ஷார்ஜா களியக்காவிளை:

உங்கள் தம்பி இருக்கிற ஊரில்தான் நானும் இருக்கிறேன். அவர் உயிலை ஒப்புக்கொள்கிறார் என்றால் சம்மதப் பிரமாணம் ஒன்று போதும். துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். பவர் எல்லாம் எழுதவேண்டாம். தப்பித்தவறி அவரை விற்பவர்களில் ஒருவராகச் சேர்த்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் விற்றால், விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டும். அதைக் கேட்டதும் எங்களுக்கு வந்த ஆள் போனையே எடுக்கவில்லை.

---

கருங்கல் டீச்சர்:

சட்டம் எனக்குத் தெரியாது, குடும்பம் தெரியும். அக்கா, தம்பி மனைவியிடம் இன்னும் பேசவில்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கோர்ட் நோட்டீஸ் அவள் வீட்டு வாசலில் வருவதற்கு முன் நீங்கள் போங்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் கேஸ் போட்டார். சம்மன் வாங்கிய கையோடு சித்தி வக்கீலைப் பார்க்கப் போய்விட்டாள். அதுவரை அவளுக்கு அந்த நிலத்தில் ஒரு ஆசையும் கிடையாது. புருஷன் இல்லாத பெண்ணுக்குக் காக்கி உறையில் வரும் காகிதம் சொல்லும் அர்த்தம் ஒன்றுதான்: என்னை ஒதுக்குகிறார்கள்.

பையனுக்கு ஏதாவது கொடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள்.

---

ஆற்றூர்க்காரி:

டீச்சர், நீங்கள் சொன்னது உண்மை. அவளிடம் அம்மா உயிலைப் பற்றியே நான் பேசியதில்லை. பையனுக்கு ஒரு பங்கு போட வேண்டும் என்பது எனக்கு எப்போதும் இருக்கும் எண்ணம்தான், படிப்புக்கு ஆகும். அதை எழுத்தில் கொடுத்தால், உயில் சரியில்லை என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமோ என்று வீட்டுக்காரர் தயங்குகிறார்.

---

ஓய்வுபெற்ற குமாஸ்தா, குழித்துறை:

ஆகாது. "உயில்படி வீடு என்னுடையது, விற்ற பணத்தில் என் விருப்பத்தால் தம்பி மகனுக்கு இவ்வளவு" என்று எழுதினால் அது உங்கள் கொடை. பணம் பையன் பெயரில் டெபாசிட்டாகப் போகட்டும், ரொக்கம் வேண்டாம். வார்த்தைகளை மட்டும் வக்கீலே எழுதட்டும்.

பட்டாவை இப்போதே கவனியுங்கள், கோர்ட் நேரத்தில் அது சும்மா கிடக்க வேண்டாம். 14 சென்ட் பாட்டாவின் பெரிய சர்வே எண்ணில் ஒரு துண்டாக இருந்தால் உட்பிரிவு அளக்க வேண்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கும். மலையாள ஆதாரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, தமிழில் மொழிபெயர்த்து வையுங்கள். பழைய மலையாளக் கையெழுத்து படிக்கிற ஆட்கள் தக்கலைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், குறைந்துகொண்டே வருகிறார்கள். நான்கு எல்லையும் இன்றைய அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய ஆதாரத்தில் தெற்கே "தோடு" (ஓடை) என்று இருக்கும், இன்று அது பஞ்சாயத்து ரோடாக இருக்கும்.

வாங்குபவரோடு ஒப்பந்தம் போடுவதானால் "மூன்று மாதத்துக்குள் கிரையம்" என்று எழுதாதீர்கள். கோர்ட் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து இத்தனை மாதம் என்று போடுங்கள். அவரால் காத்திருக்க முடியாது என்றால் அட்வான்ஸ் வாங்காமல் விட்டுவிடுவது நல்லது. விற்ற லாபத்துக்கான வரிக் கணக்குக்கு, 2001 ஏப்ரல் 1 அன்று இந்த இடம் என்ன மதிப்பு என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். அம்மாவுக்கு அதற்கு முன்பே வந்த சொத்து என்பதால் அந்த மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம்.

---

ஆற்றூர்க்காரி:

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மார்த்தாண்டம் போகிறேன், வீட்டுக்காரர் வரவில்லை, நான் மட்டும். உபதேசியாரிடமும் சொல்லியாயிற்று, "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு மோளே" என்றார். வாங்குபவரிடம் உள்ளதைச் சொன்னேன், பொங்கல் வரை பார்க்கலாம் என்கிறார். பார்ப்போம்.

ஒரே ஒரு சந்தேகம். வடக்கு எல்லையில் நிற்கும் அயனி மரத்துக்கு ஒரு தடி வியாபாரி நல்ல விலை சொல்கிறார். கேஸ் செலவுக்கு ஆகும். வெட்டலாமா?

---

ஓய்வுபெற்ற குமாஸ்தா, குழித்துறை:

வேண்டாம். உத்தரவு வரும்வரை மரமும் சொத்தோடு சேர்த்திதான், தம்பி மனைவி தரப்பில் கேள்வி வரும். தேங்காய் வெட்டுக் காசைக்கூட நோட்டில் எழுதி வையுங்கள். நிர்வாகப் பத்திரம் கிடைத்த ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்தில் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.