பூல் டேபிள் ரெயிலுக்குப் புதுத் துணி: பாக்கெட் ஓரத்தில் சுருக்கம், அவசர உதவி தேவை

காட்பாடி கியூ | வியாழன், இரவு 10.52

வணக்கம். பூல் டேபிளின் ரெயிலுக்கு, அதாவது பந்து மோதித் திரும்புகிற ஓரக் கட்டைக்கு, துணி மாற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று முடிந்தது. பாக்கெட் பக்கம் வரும்போது துணி மடிந்து மடிந்து நிற்கிறது, எவ்வளவு இழுத்தாலும் போகவில்லை. மூன்றாவது ரெயிலில் மேல்பக்கமும் அலை அலையாக இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்தேன், பந்து பட்டால் ‘தொம்’ என்று ஒரு சத்தம், பந்து பாதி தூரம்கூடத் திரும்பி வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பசங்க போட்டி இருக்கிறது, பணமும் கட்டிவிட்டார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை | இரவு 11.05

பூலா, ஸ்நூக்கரா? எத்தனை அடி? ரெயிலைக் கழற்றி வேலை செய்கிறீர்களா, டேபிளிலேயே வைத்தா? மேல்பக்கம் துணியைப் பிடிக்கக் காடி (நீளப் பள்ளம்) இருக்கிறதா, வெறும் ஸ்டேப்ளர் பின்தானா? படம் இருந்தால் போடுங்கள்.

விரிஞ்சிபுரம் | இரவு 11.11

ரெயிலில் துணிக்கு அடியில் இருக்கிற ரப்பர் செத்துப்போயிருக்கும். பழைய டேபிள்களில் பாதிக்கு மேல் இதுதான் கதை. துணியை எடுத்துவிட்டு ரப்பர் மூக்கில் (பந்து படும் விளிம்பில்) கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். அமுங்கித் திரும்பினால் உயிர் இருக்கிறது. நகம் இறங்காமல் கல் மாதிரி இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். புதுத் துணி போட்டும் பயன் இல்லை. பூல் டேபிள் என்றால் பெரும்பாலும் கே-66 என்கிற முக்கோண வடிவ ரப்பர் வரும். அளவு பார்த்து வாங்குங்கள்.

பழைய மார்க்கர் | இரவு 11.30

முப்பது வருஷம் கிளப்பில் ஸ்கோர் எழுதி டேபிளையும் பார்த்துக்கொள்கிற மார்க்கராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்டால் யாரால் தர முடியும்? மூன்று ரெயில் முடித்த பிறகு வந்து கேட்கிறாய். முதல் ரெயிலிலேயே சுருக்கம் வந்ததே, அங்கேயே ஏன் நிறுத்தவில்லை? துணி நன்றாக இல்லாவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும். ஒரே ஒரு கேள்வி, அதற்கு மட்டும் பதில் சொல். மூன்று துண்டையும் ரோலில் ஒரே திசையில் வெட்டினாயா?

காட்பாடி கியூ | இரவு 11.48

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். 8 அடி பூல் டேபிள், அடித்தளம் ஸ்லேட் கல். ஆறு ரெயில், எல்லாவற்றையும் கழற்றித் தரையில் வைத்துத்தான் செய்கிறேன். காடி இருக்கிறது, அதில் மெல்லிய மரப்பட்டி இறங்கும். பட்டியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தட்டி இறக்கிவிட்டு, அப்புறம் துணியை ரப்பர் மேல் திருப்பி அடியில் பின் அடித்தேன்.

மார்க்கர் சார், முதல் இரண்டு துண்டு ரோலின் நீளவாக்கில் வெட்டியது. மூன்றாவதை மட்டும் குறுக்கே வெட்டினேன். துணி மிச்சம் பிடிக்கலாம் என்று.

பழைய மார்க்கர் | இரவு 11.51

அலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

தறிவீடு, குடியாத்தம் | இரவு 11.58

மார்க்கர் ஐயா சொல்வது சரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகத் தறி. ரோலின் நீளத்தில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூல் தறியில் விறைப்பாகவே நிற்கும், அதனால் அந்தப் பக்கம் துணி அதிகம் நீளாது. ஊடைப் பக்கம் இழுத்தால் கொடுக்கும். நீங்கள் குறுக்கே வெட்டிய துண்டில், ரெயிலின் நீளத்துக்கு ஊடை வந்துவிட்டது. ஒரு கையளவு இழுத்துப் பாருங்கள், மற்ற இரண்டைவிட அது கூடுதலாக வரும். இழுக்கும்போது ஒரு இடத்தில் அதிகம், ஒரு இடத்தில் குறைவு என்று நின்றுவிடும். அதுதான் அலை. லுங்கியானாலும் பில்லியர்ட்ஸ் துணியானாலும் இந்தக் கணக்கு மாறாது.

சோபா வேலை, சத்துவாச்சாரி | வெள்ளி, காலை 6.20

தம்பி, பட்டியை முனை வரைக்கும் இறக்கியதுதான் சுருக்கத்துக்குக் காரணம். எனக்கு முக்கியத் தொழில் சோபா. போன வருஷம் ஒரு ஹாலுக்கு இரண்டு டேபிள் ரெயில் செய்து கொடுத்தேன், முதல் ரெயிலில் எனக்கும் இப்படியே வந்தது. அவிழ்த்து மறுபடி செய்தபோதுதான் புரிந்தது.

துணியின் நல்ல பக்கம் கீழே பார்க்க, மரத்தின் மேல் விரித்துக்கொள்ளுங்கள். ஓரம் காடியைத் தாண்டி ரப்பர் பக்கம் அரை இஞ்ச் வந்தால் போதும். இரண்டு முனையிலும் மூன்று நான்கு இஞ்ச் துணி கூடுதலாகத் தொங்கட்டும். பட்டியை வைத்து நடுவிலிருந்து தட்டத் தொடங்குங்கள். சுத்தியல் நேராகப் பட்டியில் படக்கூடாது, நசுங்கிவிடும். ஒரு சின்னக் கட்டையை வைத்து அதன் மேல் கொட்டாப்புளியால் தட்டுங்கள். ஒருவர் துணியை நீளவாக்கில் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் தட்டிக்கொண்டே போகணும். தனியாகச் செய்யாதீர்கள். மரத்தின் மேல்மட்டத்துக்குச் சமமாக வந்ததும் நிறுத்துங்கள்.

இங்கேதான் கவனம். இரண்டு முனையிலும் கடைசி இரண்டு மூன்று இஞ்ச் பட்டி காடிக்கு மேலேயே நிற்கட்டும், இறக்காதீர்கள். துருத்தும் ஓரத்தைப் பிளேடால் பட்டியை ஒட்டி அறுத்துவிடுங்கள், விட்டால் மேலே தடிப்பாகத் தெரியும். முனைப் பக்கம் மட்டும் அறுக்க வேண்டாம். துணியை ரப்பர் மேல் திருப்பி, அடியில் முதல் பின்னை நடுவில் அடியுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்து அடித்துக்கொண்டு போங்கள்.

பாக்கெட் வாய்க்கு வந்ததும், அங்கே ரெயில் முனையில் ஒட்டியிருக்கிற ஃபேசிங் என்கிற ரப்பர் துண்டு மேல் துணியைப் போர்த்திக் கீழேயும் பின்னாலேயும் இழுத்துப் பின் அடியுங்கள். மேல் மூலையில் கொஞ்சம் துணி மிச்சம் சேரும். அந்த மிச்சத்தை விரலால் காடிக்குள் செருகி, அதன் மேல் பட்டியின் முனையைத் தட்டி இறக்குங்கள். சுருக்கம் மொத்தமும் காடிக்குள் போய்விடும். நீங்கள் பட்டியை முன்பே இறக்கிவிட்டதால் அந்த மிச்சத்துக்குப் போக இடமே இல்லை, அதனால் மேலேயே நிற்கிறது.

ஷூ கம்பெனி, ஆம்பூர் | காலை 8.10

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முனையில் கையால் இழுக்காதீர்கள். ஷூவின் மேல்தோலை அச்சு மேல் இழுக்க நாங்கள் ஒரு குறடு வைத்திருப்போம். வாய் அகலமாக இருக்கும், அடியில் சுத்தியல் மாதிரி ஒரு முட்டு இருக்கும். அந்த முட்டை மரத்தில் ஊன்றி நெம்பினால் துணி ஒரே அளவாக வரும், விரலும் வலிக்காது. ஆம்பூரில் தோல் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். அப்புறம், இழுக்கும் முன் தோலுக்கு ஆவி காட்டி இளக்குவோம். உங்கள் துணி கம்பளிதானே, லேசாக ஆவி காட்டினால் முனையில் நன்றாகப் படியும்.

பழைய மார்க்கர் | காலை 8.32

ஆவி, தண்ணீர் எதுவும் கூடாது. தோல் வேறு, கம்பளி வேறு. ஈரத்தில் கம்பளி நீளும், நீங்கள் இழுத்துப் பின் அடிப்பீர்கள். காய்ந்ததும் சுருங்கும். எங்கே பின் பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். இவர் சொல்வதைக் கேட்டுத் துணியைப் பாழாக்காதே.

ஷூ கம்பெனி, ஆம்பூர் | காலை 8.40

தண்ணீரில் நனைக்கச் சொல்லவில்லை ஐயா. ஒரு நிமிஷம் ஆவி. பதினெட்டு வருஷமாக இழுக்கிற வேலைதான் செய்கிறேன்.

பழைய மார்க்கர் | காலை 8.47

ஷூவுக்கு இழுத்தீர்கள். இந்த ஆட்டத்துக்கு ஒரு மரபு உண்டு. ஸ்நூக்கர் பிறந்ததே நம் ஊட்டியில்தான். அங்கே துணிக்கு இரும்புப் பெட்டி வைத்துத் தேய்ப்பார்களே தவிர, ஆவி காட்ட மாட்டார்கள்.

பாலாற்றங்கரை | காலை 9.02

ஊட்டியில் பிறக்கவில்லை சார். 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் ஆடிப் பார்த்ததுதான் தொடக்கம், நெவில் சேம்பர்லின் என்பவர் பெயர்தான் சொல்லப்படுகிறது. ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டியது பிறகு, 1882-ல்.

பழைய மார்க்கர் | காலை 9.10

விதி இல்லாத வரைக்கும் அதற்கு ஆட்டம் என்று பெயரே இல்லை. விதி எழுதிய இடம்தான் பிறந்த இடம்.

தறிவீடு, குடியாத்தம் | காலை 9.16

ஐயா, பையனுக்கு நாளை சாயங்காலம் போட்டி. ஊட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆவி விஷயத்தில் நானும் மார்க்கர் ஐயா பக்கம்தான். கம்பளி நூலுக்கு ஈரம் ஆகாது.

விரிஞ்சிபுரம் | காலை 9.25

‘தொம்’ சத்தத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். துணியால் அப்படிச் சத்தம் வராது. ரப்பர்தான்.

பழைய மார்க்கர் | காலை 9.41

மறக்கவில்லை. கம்பளி துணி என்றதும் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

தம்பி, ரெயிலை ஸ்லேட்டோடு பிடிக்கிற போல்ட்டைப் பார். உன் டேபிளில் ஒரு ரெயிலுக்கு மூன்று இருக்கும். ஒன்று தளர்ந்தாலும் பந்தின் வேகத்தை மரம் விழுங்கிவிடும், அந்தச் சத்தம் அப்படித்தான் வரும். ரெயில் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பந்தை அதில் மோதும்படி உருட்டு. உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தால் போல்ட்தான்.

அப்படியும் சரியாகாவிட்டால் ரெயிலைத் திருப்பி, ஸ்லேட்டில் உட்காரும் இடத்தில் பின் ஏதாவது அரைகுறையாக இறங்கி நிற்கிறதா என்று பார். ஒரு பின் தலை தூக்கினாலும் ரெயில் முழுதாக உட்காராது, மூக்கின் உயரமும் மாறும். பூல் பந்து 57 மி.மீ. என்றால் ரப்பர் மூக்கு ஸ்லேட்டிலிருந்து ஏறக்குறைய 36 மி.மீ.-ல் இருக்கணும். பந்தின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதிகமானால் பந்தை அமுக்கும், குறைந்தால் பந்து எகிறும். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு ரெயிலிலும் மூன்று இடத்தில் அள.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு பந்தை நீளவாக்கில் நடுமட்டத்தில் பலமாக அடி. டேபிளின் நீளத்தை நான்கு முறையாவது கடந்தால் ரப்பர் நல்லது. அதற்கும் முன்னால் நின்றால்தான் விரிஞ்சிபுரம்காரர் சொல்கிற ரப்பர் பேச்சு.

சோபா வேலை, சத்துவாச்சாரி | காலை 10.05

தம்பி, பட்டிகளைக் கலந்துவிடாதீர்கள். எந்த ரெயிலுக்கு எந்தப் பட்டி என்று பென்சிலில் எண் போட்டு வையுங்கள். மூன்றாவதுக்குப் புதுத் துண்டு வெட்ட ரோலில் துணி இருக்கிறதா? முனையை மடிக்கும்போது ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை | மதியம் 1.30

காட்பாடித் தம்பி இருக்கிறீர்களா? என்ன ஆயிற்று?

சோபா வேலை, சத்துவாச்சாரி | சனி, காலை 7.00

பதில் இல்லையே. கடை எங்கே என்று சொன்னால் மதியம் வந்து பார்க்கிறேன் தம்பி, சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி எவ்வளவு தூரம்?

காட்பாடி கியூ | ஞாயிறு, இரவு 11.20

எல்லோருக்கும் நன்றி, போன் பக்கம் வர நேரமே இல்லை. மூன்றையும் அவிழ்த்து, முனையில் பட்டியை நிறுத்தி வைத்து அக்கா சொன்னபடி செய்தேன். பாக்கெட் ஓரத்தில் சுருக்கம் இல்லை. மூன்றாவதுக்குத் துணியை நீளவாக்கில் வெட்டினேன். ‘தொம்’ நடுப் போல்ட், அரைச் சுற்று தளர்ந்திருந்தது. போட்டி நல்லபடியாக நடந்தது. மீதி மூன்று ரெயில் பழைய துணியோடுதான் இருக்கிறது.

பழைய மார்க்கர் | ஞாயிறு, இரவு 11.34

ஒரு வாரம் ஆட்டம் ஆன பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பார். புதுத் துணி அமுங்கும்போது இளகும். அந்த மூன்றையும் இதே ரோலில் இதே திசையில் வெட்டு, துணி தீர்ந்தால் என்னைக் கேள்.

விரிஞ்சிபுரம் | திங்கள், காலை 6.50

அவிழ்த்தபோது ரப்பரை நகம் வைத்துப் பார்த்தீர்களா?